என் ஏழு பேட்ச்சுகளும் அவளுடைய ஒன்றும்

வாசிகசாலைக் கணினியில் என் மனைவியின் பெயரை முதன்முதலாகப் பார்த்த அன்று, சுட்டியை உருட்டி அதைத் திரைக்கு மேலே தள்ளிவிட்டேன். ஒரு நூலக மென்பொருளின் புதிய பதிப்புக்குக் கைகொடுத்தவர்களின் பட்டியல் அது. எத்தனையோ நாட்டுப் பெயர்கள், வாயில் நுழையாத பெயர்கள். அவற்றுக்கு நடுவே உடப்புசல்லாவையில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு கொட்டகலைக்கு வந்த ஒருத்தியின் பெயர். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. யார் கண்ணில் படக்கூடாது என்று அதை மறைத்தேன் என்று பிறகு யோசித்தேன். என் கண்ணில்தான்.

அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரைக்கும் களைப்பு என்றேன், வேலைப்பளு என்றேன், ஒருமுறை வாய்வு என்றுகூடச் சொல்லி இஞ்சித் தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன்.

எங்கள் வாசிகசாலை கொட்டகலைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு அறை, ஆறு அலுமாரி, ஒரு நீண்ட மேசை, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் நான் கணினி ஆசிரியர் என்பதால் வாசிகசாலைக் கணினியும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது சும்மா. நான்தான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். என் மனைவி பிற்பகல்களில் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையில் இருப்பாள். உயர்தரம் கலைப் பிரிவில் படித்தவள். அவளுக்குக் கணினியை முதலில் தொட்டுக் காட்டியது நான்தான். இந்த வாக்கியத்தை அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

மென்பொருள் இலவசம். எழுதியவர்கள் அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் திறந்தே வைத்திருந்தார்கள். யாரும் பார்க்கலாம், தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்கு எங்களைத் தெரியாது. முதல் அங்கத்தவரைப் பதிய உட்கார்ந்தபோதே குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். பிறகு வீட்டு இலக்கம் கேட்டது, வீதி கேட்டது. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீதியே கிடையாது. தேயிலைத் தோட்டம், டிவிஷன், லயம் என்கிற வரிசை வீடு, அதில் ஒரு காம்பரா, அவ்வளவுதான் விலாசம். வீதிக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால் மென்பொருள் சிவப்பு எழுத்தில் திட்டியது.

அதனால் பேட்ச் எழுதக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்த வரியை எடு, இந்த வரியைப் போடு என்று எழுதிய ஒரு சின்னக் கோப்பு, அவ்வளவுதான். எடுக்கவேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, போடவேண்டிய வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அதை மென்பொருளின்மேல் ஓடவிட்டால், முழங்கை கிழிந்த சட்டைக்குத் துண்டு வைத்துத் தைத்தாற்போல அந்த இடம் மட்டும் மாறிவிடும். குடும்பப் பெயருக்கு ஒன்று, லயத்து விலாசத்துக்கு ஒன்று. திருப்பித் தரவேண்டிய நாள் பௌர்ணமி விடுமுறையான போயாவில் விழுந்தால் மறுநாளுக்குத் தள்ள ஒன்று, ஏனென்றால் போயாவுக்கு வாசிகசாலை மூடியிருக்கும். தொலைபேசிக்குப் போகும் தகவலைத் தமிழில் அனுப்ப ஒன்று. இப்படி ஆறு பேட்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் என் பெயரை எழுதி வைத்தேன்.

மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் அந்த ஆறும் ஒட்டாது. நான் எடுக்கச் சொன்ன வரியை அவர்கள் வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். பேட்ச் போய்த் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று கையை விரிக்கும். ஒவ்வொரு சித்திரை விடுமுறையிலும் உட்கார்ந்து ஆறையும் புதிய பதிப்புக்குத் தக்கபடி திருத்தி எழுதுவேன். அப்போது செயற்குழுத் தலைவர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, “சேர் இல்லாட்டி இந்த வாசிகசாலை படுத்துரும்,” என்பார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவர் அதைச் சொல்லக் கேட்பதற்காகவே நான் ஒரு நாள் வேலையை ஒரு கிழமைக்கு இழுப்பேன்.

“இத அந்த ஆளுங்களுக்கே அனுப்பிச்சிட்டா என்னங்க?” என்று ஒருமுறை மனைவி கேட்டாள். “அவங்களே உள்ளுக்குச் சேர்த்துக்கிட்டா, வருசா வருசம் நீங்க குந்திக்கிட்டுத் தைக்க வேணாமே.”

“ஒனக்குத் தெரியாது. அதுக்கு ஆயிரம் சட்டம் இருக்கு,” என்றேன்.

அவளுக்குத் தெரியாதது வேறு ஒன்று. நான் ஒருமுறை அனுப்பியிருந்தேன். போயா பேட்ச்சை. மறுநாளே பதில் வந்தது: ஒரு நாட்டின் விடுமுறை நாட்களை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறீர்கள், எந்த நாட்டுக்காரரும் தங்கள் நாட்களை நிரப்பிக்கொள்ளும்படி மாற்றி அனுப்புங்கள், நல்ல யோசனை, காத்திருக்கிறோம் என்று. மரியாதையான பதில்தான். எனக்கு மூக்குடைந்துபோயிற்று. போயா என்றால் என்னவென்று தெரியாதவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்று அந்தக் கடிதத்தை மூடினேன். பிறகு திறக்கவே இல்லை.

இனி சீசன் விஷயம். மார்கழிப் போயாவோடு சிவனொளிபாத மலைக்கு யாத்திரை ஆட்கள் ஏறத் தொடங்கினால், எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்விடும். ரொட்டிக் கடை, தேத்தண்ணிக் கடை, கம்பளித் தொப்பிக் கடை. வைகாசிப் பௌர்ணமி வெசாக் வரைக்கும் அங்கேதான். வாசிக்கிற ஆட்கள் புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு கிழமையில் வரவேண்டிய புத்தகம் ஐந்து மாதத்துக்கு வராது. மென்பொருள் முதலில் நினைவூட்டும், பிறகு எச்சரிக்கும், பிறகு அங்கத்துவத்தையே வெட்டிவிடும். மனைவி ஒவ்வொரு வருடமும் அவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தேடி நாளை நீட்டிக்கொண்டிருந்தாள். “சீசனுக்குப் போறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு டிக் போட முடிஞ்சா போதுங்க,” என்று என்னிடம் கேட்டாள். பார்ப்போம் என்றேன். இரண்டு சீசன் பார்ப்போம் என்றேன்.

மூன்றாவது வருடம் அவள் என்னைக் கேட்கவில்லை. பனி மூடிய பிற்பகல்களில் வாசிகசாலைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் என் பேட்ச்சுகளைத் திறந்து வாசித்திருக்கிறாள். ஒரு வரியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறாள். மென்பொருள்காரர்களின் இணையப் பலகையில் தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். ஓரிரு முறை என்னிடமும் சந்தேகம் கேட்டாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே நிமிராமல் ஏதோ சொன்னேன். தொலைபேசியில் அவள் நீளநீளமாக எழுதுவதைப் பார்த்து அக்காவோடு கதைக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் எழுதியதைப் பார்த்து, அங்கிருந்த ஒருவர் அதில் குறை சொன்னார். திருத்தினாள். இன்னொரு குறை. திருத்தினாள். நல்லதண்ணி சீசனுக்கு மட்டும் செய்யாதே, எங்கள் ஊரில் மீன்பிடிக்கப் போகிறவர்களும் மாதக்கணக்கில் வரமாட்டார்கள், அவர்களுக்கும் பொருந்தும்படி செய் என்றார்கள். செய்தாள். இப்படி ஏழு தடவை. நான் ஒரு கடிதத்தோடு கதவைச் சாத்திக்கொண்ட இடத்தில், அவள் ஏழு கடிதம் தாண்டிப் போனாள்.

ஒரு காலை நான் பாடசாலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“என்னங்க, எடுத்துக்கிட்டாங்க.”

“எத?”

“நான் எழுதுன பேட்ச்ச. அடுத்த பதிப்புல வருதாம். உலகத்துல அத வச்சிருக்கிற எல்லா நூலகத்துலயும் வருமாம்.”

அவள் முகம் பூரித்திருந்தது. நான் நல்லது என்று சொல்லிவிட்டு, என் குடை எங்கே என்று கேட்டேன். குடை என் கையில் இருந்தது.

அன்றிலிருந்து கடைவீதியில் நடப்பதே எனக்குத் தொல்லையாகிவிட்டது. கீழே புடவைக் கடை முதலாளி என்னை நிறுத்திக் கதிரை போட்டார். “சேர், மிஸ்ஸோட பேரு வெளிநாட்டு லிஸ்ட்டுல வந்திரிச்சாமே. மாஷா அல்லாஹ். நீங்க தானே படிச்சுக் குடுத்தீங்க?” ஆமா என்றேன். அந்த ஆமா ஒரு நாள் முழுவதும் இனித்தது, மறுநாள் கசந்தது. தலைவர் அவளுடைய பெயரையும் அந்தப் பட்டியலையும் அச்சிட்டு வாசிகசாலைப் பலகையில் ஒட்டவைத்தார். ஆறு பேட்ச், இத்தனை வருடம், என் பெயரில் அந்தப் பலகையில் ஒரு துண்டுக் கடதாசி ஏறியதில்லை.

அவள் எழுதியதைத் திறந்து பிழை தேடினேன். வேறு எதற்காகவும் இல்லை, பிழை இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வரிகள் சுத்தமாக இருந்தன. நான் ஒருநாளும் செய்யாத வேலை ஒன்றும் அதில் இருந்தது: தான் எழுதியது சரியாக ஓடுகிறதா என்று தானே பரீட்சை வைத்துப் பார்க்கும் நிரல்களையும் எழுதிச் சேர்த்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கட்டிய பெண்ணின்மேலா என்று கேட்கலாம். அவள்மேல்தான். வேறு யாராவது செய்திருந்தால் ஒரு கிழமையில் மறந்திருப்பேன். என் வீட்டில், என் கணினியில், எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே செய்திருக்கிறாள்.

பட்டியல் முன்பே வெளியாகியிருந்தாலும் புதிய பதிப்பு கார்த்திகையில்தான் வந்தது. சீசனுக்கு முன்னால் அதைப் போட்டால் அவளுடைய டிக் வேலை செய்யும். தலைவரும் கேட்டார். “என் ஆறு பேட்ச்சும் ஒடைஞ்சிரும் சேர். சித்திரையில போடுவோம்,” என்றேன். உண்மையில் உடைவது இரண்டுதான். வீட்டுக்கு வந்து அவளிடம் வேறு கதை சொன்னேன்.

“உன்னோடத மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில ஒட்டிட்டேன். டிக்கும் தேவையில்ல. ஆள் எந்தத் தோட்டம்னு பார்த்து அதுவே தெரிஞ்சுக்கும். சின்ன மாத்தம்தான்.”

“அப்படியும் செய்யலாமாங்க?” என்று ஆச்சரியப்பட்டாள்.

அவளுடையதில் ஒரு வரியைக்கூட நான் எடுக்கவில்லை. நானே ஒன்றை எழுதினேன். அதுதான் ஏழாவது. எந்தெந்தத் தோட்டத்து ஆட்கள் சீசனுக்குப் போவார்கள் என்று லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அந்தத் தோட்டங்களை ஒரு பட்டியலாக எழுதி, அங்கத்தவரின் தோட்டம் அதில் இருந்தால் வெசாக் வரைக்கும் தொந்தரவு செய்யாதே என்று ஒரு மாலையில் எழுதி முடித்தேன். பரீட்சை எதுவும் வைக்கவில்லை. தலையில் என் பெயரைப் போட்டேன்.

தை பிறந்து இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல், தூறலில் நனைந்தபடி ஓர் அம்மா மாடியேறி வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மொத்தமான சரித்திர நாவல்களாகப் பார்த்து எடுத்துப் போவார். இரண்டாம் பாகம் வரவில்லையா என்று மனைவியை நச்சரிப்பார். சீசனில் புருஷனோடு நல்லதண்ணியில் ரொட்டிக் கடை. சீசன் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து மறு பஸ் பிடித்து வந்திருக்கிறார். பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்தார். அதன்மேல் தன் அங்கத்துவ அட்டையை வைத்தார்.

“மிஸ், நான் திருடிக்கிட்டுப் போகலைங்க. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்,” என்றார்.

மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மா தொலைபேசியை எடுத்துக் காட்டினார். தங்கள் அங்கத்துவம் இரத்துச் செய்யப்பட்டுள்ளது, தாங்கள் வாசிகசாலைக்குச் சொந்தமான நூல்களை உடன் ஒப்படைத்தல் வேண்டும் என்று இருந்தது. அந்தத் தமிழ் என்னுடையது. நீதிமன்றக் கடிதம் மாதிரி கம்பீரமாக இருக்கவேண்டும் என்று நான் உட்கார்ந்து எழுதியது.

“போனு கடையில கெடந்துச்சு. கொழுந்தனாரு எடுத்து எல்லாருக்கும் முன்னுக்கு சத்தமா வாசிச்சிட்டாரு. பக்கத்துக் கடைக்காரவுங்க சிரிச்சாங்க. அட்ட வேணாம் மிஸ். வச்சுக்கங்க.”

மனைவி எவ்வளவோ மன்றாடினாள். அந்தம்மா கோபப்படவில்லை, அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி, அலுமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். மனைவி கணினியைத் தட்டிப் பார்த்தாள். அதே தகவல் பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது.

தலைவர் அப்போது மேசையின் மறுமுனையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னா நடந்துச்சு சேர்?”

“புதுசாப் போட்ட சீசன் பேட்ச்சுலதான் ஏதோ பிழை.”

“மிஸ் எழுதுனதா?”

“ஆமா.”

ஒரு சொல்தான். சொல்வதற்கு முன்னால் நான் யோசிக்கவில்லை. அதனால் அது தவறி வந்ததாக இப்போது சொல்லித் தப்பிக்கலாம். தவறி வரவில்லை. கார்த்திகையிலிருந்து நாக்கு நுனியில் காத்திருந்து, வழி கிடைத்ததும் வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. “எந்த எடத்துலங்க?” என்று மட்டும் கேட்டாள். நான் மாற்றிய இடத்தில் இல்லை, உன்னுடையதில்தான், பார்க்கவேண்டும் என்றேன்.

அவள் கீழே தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர். ஆபீஸ் கடதாசியில் ஸ்கொட்லாந்திலோ இங்கிலாந்திலோ இருக்கும் ஏதோ ஓர் ஊரின் பெயர். வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போனது. ஆட்களின் வாயில் வேறு பெயர். அந்த அம்மா இருக்கும் தோட்டத்தைப் பாலத்துத் தோட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனைவி அங்கத்தவரைப் பதியும்போது அவர்கள் வாயால் சொன்ன பெயரையே எழுதியிருந்தாள். பட்டியல் எழுதிய நான், லயத்தில் பிறந்து வளர்ந்த நான், ஒன்றுவிடாமல் துரை வைத்த பெயரை எழுதியிருந்தேன். சேர் ஆனதிலிருந்து என் வாயிலும் அந்தப் பெயர்தான் வருகிறது. ஆபீஸ் பெயரைச் சொல்லிப் பதிந்த ஆட்கள் தப்பினார்கள். தங்கள் பெயரைச் சொன்னவர்கள் பன்னிரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

பத்து நிமிடத்தில் திருத்தினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே அவள் வீட்டில் தொலைபேசியோடு உட்கார்ந்து பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக எடுத்தாள். நல்லதண்ணியில் சிக்னல் பிடிக்காது. எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்தாள். “என்னோட பிழைதாங்க. நான் எழுதுனதுலதான் பிழ. மன்னிச்சுக்கங்க.” நான் அடுத்த அறையில் இருந்தேன். பன்னிரண்டு தடவையும் கேட்டேன். அந்த அம்மாவிடம் மட்டும் நீண்ட நேரம் பேசினாள். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை வாசிகசாலைக்குப் போனபோது பலகையில் அவளுடைய பெயர் ஒட்டியிருந்த கடதாசி இல்லை. யாரும் சொல்லவில்லை, அவளே கழற்றியிருந்தாள். நாலு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. எனக்கு அப்போதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, அப்பியாசக் கொப்பியில் எழுதிய ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இத அவங்களுக்கு அனுப்பப் போறேங்க. இங்கிலீஷ் சரியான்னு பாருங்க.”

மென்பொருள்காரர்களுக்கு எழுதியிருந்தாள். தான் எழுதிய பகுதியில் பிழை இருக்கிறது, அதனால் தன் ஊரில் பன்னிரண்டு பேருக்கு மற்றவர்கள் முன்னால் தலைகுனிவு வந்துவிட்டது, வேறு ஊர்களிலும் அப்படி நடந்துவிடாமல் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள், தன்னால் எல்லோருக்கும் சிரமம், மன்னிக்கவும் என்று இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். இரண்டு வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றினேன். ஒரு நீள வாக்கியத்தை இரண்டாக வெட்டினேன். தலைகுனிவு என்பதற்கு அவள் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதையும் சேர்த்துக் கொடுத்தேன். தேங்க்ஸ்ங்க என்று வாங்கிக்கொண்டு போனாள்.

பதில் புதன்கிழமை வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பாடசாலை விட்டு நேரே வாசிகசாலைக்கு ஏறினேன். ஒருவரும் இல்லை, அவள் மட்டும் கணினிக்கு முன்னால் இருந்தாள். நான் குடையை மடக்கி வைத்ததும் திரும்பினாள்.

“அவங்க எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தாங்களாம். என்னோடதுல பிழ இல்லையாம்,” என்றாள். “ஒங்க கம்பியூட்டர்ல ஓடுற கோப்ப அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம்னு எழுதியிருக்காங்க. அதான் எடுத்தேன்.”

திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இதுல நான் எழுதுனது ஒரு வரிகூட இல்லங்க. மேல ஒங்க பேருதான் இருக்கு.”

மேசையின் இந்தப் பக்கம், புத்தகம் இரவல் வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடையதை நான் போடவே இல்லை என்று சொன்னேன். பட்டியலையும் துரை வைத்த பெயரையும் சொன்னேன். தலைவரிடம் ஆமா என்று சொன்னபோதே எனக்குத் தெரியும் என்றேன். முதன்முதலில் போயா பேட்ச்சை அனுப்பி, பதில் வந்து, அதை ஒளித்து வைத்ததைக்கூடச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அந்தப் பன்னெண்டு பேருக்கும் யாரு சொல்றது? நீங்களா, நானா?”

“நான் சொல்றேன்.”

கடையைச் சாத்துவது போல வாசிகசாலையைச் சாத்திக்கொண்டு இறங்கினோம். ஒரு குடைதான். அவள் அதற்குள் வந்தாள், ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் திரும்பும் இடத்தில் நடையைக் குறைத்தாள்.

“எம் பேரு அதுல இருக்கிறது ஒங்களுக்கு இவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா, அப்பவே எடுத்துறச் சொல்லியிருப்பேங்க,” என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று முன்பே சொல்லியிருந்தால் குறைத்திருப்பேனே என்பதுபோல, அப்படியே நினைத்து அப்படியே சொன்னாள்.

பிறகு செய்யவேண்டியதைச் செய்தேன். பன்னிரண்டு பேரிடமும் பேசினேன். அட்டையை எடுத்துக்கொண்டு நல்லதண்ணிக்கு பஸ் ஏறினேன்; ரொட்டிக் கடையில், அந்தக் கொழுந்தனாரும் பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்கும்படி, பிழை என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அட்டையை வாங்கிக்கொண்டார். “சேரும் பிழ விடுவாங்களா?” என்று யாரோ கேட்டதற்கு அவர்தான் சிரித்தார். செயற்குழுவில் எழுந்து நின்று சொன்னேன். புதிய பதிப்பைப் போட்டு, ஏழாவது பேட்ச்சை அழித்தேன். இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் அந்தக் குடைக்குள் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது என்று முடிப்பேன். கேட்கிறவர்கள் என் முதுகைத் தட்டுவார்கள்.

அது முழு உண்மை இல்லை. வெட்கம் வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. எடுத்துறச் சொல்லியிருப்பேன் என்று அவள் சொன்னவுடன் எனக்குள் முதலில் எழுந்தது ஒரு கேள்வி: இப்போது எழுதிக் கேட்டாலும் எடுத்துவிடுவார்களா?